இரண்டு மைக்ரானில் ஒரு குவேசார்: வந்து சேரும் ஒளியும் பிறந்த ஒளியும்

குவேசார்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் “அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தார்கள்” என்ற வரியும் கூடவே வந்துவிடும். படிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று யோசிப்பவருக்கு வெப்பக் கேமராவில் ஆட்கள் மஞ்சளும் சிவப்புமாகத் தெரிவார்களே, அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். ‘அண்மை அகச்சிவப்பு’ என்று எழுதியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பக்கத்தில் இருக்கும் குவேசார்களைச் சொல்கிறார்களோ என்று தோன்றும். பள்ளி மாணவர்களிடம் இதைப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் தவறாமல் வந்திருக்கின்றன.

இரண்டையும் சீக்கிரம் தீர்த்துவிடலாம். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. நமக்கு அகச்சிவப்பாக வந்து சேரும் ஒளி, அங்கிருந்து புறப்பட்டபோதும் அகச்சிவப்பாகத்தான் இருந்ததா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் குவேசார் ஆய்வில் பாதி புரிந்துவிடும்.

குவேசார் என்பது எது?

3சி 273 என்ற குவேசாரிலிருந்து தொடங்குகிறேன். கன்னி விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. முதலில் அது ரேடியோ அலைகளை வீசும் ஒரு மூலம் என்று மட்டுமே தெரிந்திருந்தது. வானத்தில் சரியாக எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. 1962-இல் நிலா அதை மறைத்துக் கடந்தபோது, ரேடியோ அலை எந்த நொடியில் மறைகிறது, எந்த நொடியில் மீள்கிறது என்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்து இடத்தைத் துல்லியமாகக் கணித்தார்கள். (நீலகிரிச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறதே, நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, அது 1970-இல் கட்டப்பட்டதே முக்கியமாக இந்த நிலா மறைப்பு முறைக்காகத்தான்.)

அந்த இடத்தில் இருந்தது, பார்ப்பதற்கு ஒரு சாதாரண விண்மீன். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் அதன் நிறமாலையை எடுத்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்று விரித்துக் காட்டுவதுதான் நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களில் மட்டும் பளிச்சென்று ஒளிரும். அவை நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். 3சி 273-இன் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963 பிப்ரவரியில்தான் ஷ்மிட்டுக்குப் பிடிபட்டது: அவை நாம் நன்றாக அறிந்த ஹைட்ரஜன் கோடுகளே. எல்லாமே 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன.

இங்கே பலரும் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. ஹைட்ரஜனின் மிக வலுவான சிவப்புக் கோட்டின் அலைநீளம் 0.656 மைக்ரான். அது 16 விழுக்காடு நகர்ந்தால் 0.76 மைக்ரானில் விழவேண்டும். அது கண்ணின் எல்லைக்கு அப்பால், அண்மை அகச்சிவப்பின் வாசலில் இருக்கிறது. ஷ்மிட்டின் சகா ஜே. பி. ஓக் அளந்த நிறமாலையில் சரியாக அங்கே ஒரு கோடு இருந்தது. குவேசார் என்ற ஒன்றை மனிதர்கள் புரிந்துகொண்ட அந்த முதல் வாரத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒளி சாட்சி சொல்லியிருக்கிறது.

அவ்வளவு நகர்வு இருந்தால் அது நம் பால்வழியைச் சேர்ந்த விண்மீனாக இருக்க முடியாது. அந்த ஒளி நம்மிடம் வர ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் எடுத்திருக்கிறது. அத்தனை தொலைவிலிருந்தும் நல்ல சிறு தொலைநோக்கியில் தெரிகிறது என்றால், அது சூரியனைப் போலச் சில லட்சம் கோடி மடங்கு ஒளிர்ந்தாகவேண்டும்.

எங்கிருந்து வருகிறது இத்தனை ஒளி? சின்ன வயதில் சூட்டுக்கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்திருப்பீர்கள். கொட்டைக்குள் நெருப்பு எதுவும் இல்லை. தேய்ந்த வேகம்தான் சூடாக மாறியது. ஒரு பெரிய விண்மீன் மண்டலத்தின் நடுவே பல கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதை நோக்கி விழும் வாயு நேராக உள்ளே போய்விடாமல் சுழன்று சுழன்று தட்டையான வட்டாகிறது. இதற்குத் திரள் வட்டு என்று பெயர். அதில் உள்சுற்று வேகமாகவும் வெளிச்சுற்று மெதுவாகவும் ஓடுவதால் வாயு ஒன்றோடொன்று உராய்ந்து கொதித்து ஒளிவிடுகிறது. குவேசார் என்று நாம் பார்ப்பது அந்த வெளிச்சத்தைத்தான். கருந்துளை ஒளிர்கிறது என்று எழுதுவது தவறு. அதன் வாசலில் கூடிய கூட்டம்தான் ஒளிர்கிறது.

ரிமோட்டின் நுனியில் இருக்கும் ஒளி

டிவி ரிமோட்டை எடுத்து, அதன் நுனியைக் கைபேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல கைபேசிகளின் திரையில், அதிலும் செல்ஃபி கேமராவில், ஒரு புள்ளி மினுக்கும். அதுதான் அண்மை அகச்சிவப்பு. ரிமோட் அங்கே சுடவில்லை என்பதையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளி ஓர் அலை. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம் அலைநீளம். அதை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. 0.4-இல் ஊதா, 0.7-இல் சிவப்பு. சிவப்பைத் தாண்டினால் அகச்சிவப்பு. அதிலும் சிவப்பை ஒட்டியிருக்கும் பகுதி, ஏறத்தாழ 0.8-லிருந்து 2.5 மைக்ரான் வரை, அண்மை அகச்சிவப்பு. சிலர் 5 மைக்ரான் வரை சேர்த்துக்கொள்வார்கள். ‘அண்மை’ என்பது சிவப்பு நிறத்துக்கு அண்மை; நமக்கு அண்மை என்ற பொருள் அதில் இல்லை.

வெப்பக் கேமரா கதை என்ன? நம் உடம்பின் சூட்டில் இருக்கும் பொருள் அதிகமாக உமிழும் அலைநீளம் 10 மைக்ரானுக்குச் சற்றே கீழே. வெப்பக் கேமரா பார்ப்பது அதை. இரண்டு மைக்ரானில் ஒரு பொருள் தானாகப் பளிச்சென்று ஒளிர வேண்டுமானால் அது 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்க வேண்டும். இந்த எண் நினைவில் இருக்கட்டும், தூசிடம் வரும்போது தேவைப்படும்.

இதுவரை பார்த்ததில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: குவேசார் என்பது கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வெளிச்சம். அண்மை அகச்சிவப்பு என்பது சிவப்பை அடுத்து நம் கண் தவறவிடும் ஒளி.

நீண்டுபோகும் அலை

பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ஒரு ரப்பர் பட்டையில் பேனாவால் நெளிநெளியாக அலைக்கோடு போட்டு, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். நெளிவுகள் விலகி, அலை நீளும். அண்டம் விரிந்துகொண்டே இருப்பதால், அதில் பயணம் செய்யும் ஒளிக்கும் இதுதான் நேர்கிறது. புறப்பட்டபோது குட்டையாக இருந்த அலை வந்து சேரும்போது நீண்டிருக்கும். நீலம் சிவப்பாகும், சிவப்பு அகச்சிவப்பாகும். இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர்.

செம்பெயர்ச்சியை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால், அலை எத்தனை மடங்கு நீண்டது என்பது கிடைக்கும். 3சி 273-க்கு அது 0.158; ஆகவே 1.158 மடங்கு. செம்பெயர்ச்சி 7 என்றால் 8 மடங்கு. அந்த எண் கூடக் கூட, ஒளி அதிகத் தொலைவிலிருந்தும் அதிகப் பழைய காலத்திலிருந்தும் வந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வரலாம். இரண்டு மைக்ரானில் ஒரு குவேசாரைப் படம்பிடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சி 7 உள்ள குவேசாராக இருந்தால், அந்த ஒளி பிறந்தபோது அதன் அலைநீளம் இரண்டை எட்டால் வகுத்தால் வரும் 0.25 மைக்ரான். சுத்தமான புற ஊதா. அதே இரண்டு மைக்ரானில் 3சி 273-ஐப் படம்பிடித்தால், அது 1.7 மைக்ரானில் பிறந்த ஒளி. முதலாவது கொதிக்கும் திரள் வட்டின் வெளிச்சம். இரண்டாவதில் பெரும்பங்கு காய்ந்து தணலாக எரியும் தூசின் வெளிச்சம். ஒரே கருவி, ஒரே வடிகட்டி, ஒரே இரவு. பார்த்த பொருள் மட்டும் வேறு.

அகச்சிவப்பில் குவேசாரைப் பார்ப்பது என்றால் தூசை ஊடுருவிப் பார்ப்பது என்று மட்டும் பலர் எழுதிவிடுகிறார்கள். தூசு மறைத்த குவேசார்களைத் தேட அது உதவுகிறது என்பது உண்மைதான். அந்தி நேரத்தில் தூசும் புகையும் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை விடுகின்றன அல்லவா, அகச்சிவப்பு அதைவிட எளிதாகத் தப்பிவரும். ஆனாலும் அது முழுக் கதையின் ஒரு மூலை மட்டுமே.

புற ஊதாவாகப் பிறந்து அகச்சிவப்பாக வருவது

மிகத் தொலைவுக் குவேசார்களை அகச்சிவப்பில் தேடுவது வசதிக்காக அல்ல. வேறு வழியே இல்லை. காரணம் ஹைட்ரஜன். பெருவெடிப்புக்குப் பின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் அண்டவெளியில் ஹைட்ரஜன் வாயு நிறைய இருந்தது. அது 0.1216 மைக்ரான் அலைநீளமுள்ள ஒளியை மட்டும் குறிபார்த்து விழுங்கும். ஒரே ஒரு அலைநீளம்தானே, மற்றது தப்பிவிடும் என்று தோன்றலாம். தப்ப முடியாது. குவேசாரிலிருந்து 0.11 மைக்ரானில் கிளம்பிய ஒளி வழியில் நீண்டுகொண்டே வரும். எங்கோ ஓரிடத்தில் அது 0.1216-ஐத் தொடும். அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கும், பிடித்துவிடும். 0.10-இல் கிளம்பியது இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிபடும். நெடுஞ்சாலை முழுக்கச் சாவடிகள் இருப்பது போல, 0.1216-க்குக் கீழே பிறந்த ஒளி எல்லாம் வழியிலேயே அநேகமாகத் தீர்ந்துபோகிறது.

2011-இல் அறிவிக்கப்பட்ட ஒரு குவேசாரின் செம்பெயர்ச்சி 7.085. ஹவாயில் மௌனா கியா மலைமீது இருக்கும் 3.8 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் வான் கணக்கெடுப்பில் கிடைத்தது அது. 0.1216-ஐ 8.085-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.98 மைக்ரான். அதற்குக் கீழே எல்லாமே இருட்டு. நம் கண்ணின் எல்லை 0.7-இலேயே முடிந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியோடு கண்ணை வைத்தாலும் அந்தக் குவேசாரைப் பார்க்க முடியாது. அகச்சிவப்புக்கு மட்டும் இருக்கிறது அது.

அண்டத்துக்கு 77 கோடி வயதாகும்போது புறப்பட்ட ஒளி அது. அதன் கருந்துளையின் எடை ஏறத்தாழ 200 கோடி சூரியன்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட இன்னொன்றுக்குச் செம்பெயர்ச்சி 7.64, அண்டத்தின் 67 கோடியாவது வயதில் 160 கோடி சூரியன்களின் எடை. அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு கருந்துளை எப்படி அவ்வளவு உண்டு கொழுத்தது என்பதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. குவேசார் ஆய்வில் என்னை அதிகமாக இழுத்துப் பிடிக்கும் புதிர் இதுதான்.

எடை போடுவது எப்படி?

160 கோடி சூரியன்கள் என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். வேகமாகச் சுழலச் சுழலக் கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கல்லின் வேகமும் கயிற்றின் நீளமும் தெரிந்தால், கை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். கருந்துளைதான் கை. அதைச் சுற்றிப் பறக்கும் வாயு மேகங்கள்தான் கல்.

வேகத்தை நிறமாலைக் கோடு சொல்லும். நம்மை நோக்கி வரும் மேகத்தின் ஒளி சற்றே நீலப்பக்கம் நகரும், விலகிச் செல்லும் மேகத்தின் ஒளி சிவப்புப்பக்கம் நகரும். எல்லா மேகமும் சேர்ந்து தெரிவதால் ஊசிபோல இருக்க வேண்டிய கோடு இரண்டு பக்கமும் விரிந்து பட்டையாகிவிடும். பட்டை அகலமானால் வேகம் அதிகம். கயிற்றின் நீளத்தை, அதாவது மேகங்களின் தூரத்தை, குவேசாரின் மொத்த வெளிச்சத்திலிருந்து ஊகிக்கிறார்கள். வெளிச்சம் கூடினால் மேகங்கள் தள்ளியிருக்கும் என்பது அருகிலுள்ள குவேசார்களை வருடக்கணக்கில் கவனித்துப் பெற்ற பாடம். இது நேரடி அளவு அல்ல என்பதால், தொலைவுக் குவேசார்களின் எடையைப் படிக்கும்போது ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கைவிடக் கூடாது.

இதற்கு நம்பகமான கோடுகளில் ஒன்று மக்னீசியத்தினுடையது, பிறப்பது 0.28 மைக்ரானில். செம்பெயர்ச்சி 7.64 என்றால் வந்து சேர்வது 2.42 மைக்ரானில். அண்மை அகச்சிவப்பின் ஓரத்தில், மயிரிழையில் அகப்படுகிறது.

சுருக்கமாக: தொலைவுக் குவேசார்களிடமிருந்து நாம் வாங்கும் அகச்சிவப்பு, உருமாறி வந்த புற ஊதா. அதன் கோடுகளின் அகலம் கருந்துளையின் எடையைச் சொல்கிறது.

அகச்சிவப்பாகவே பிறப்பது

அருகில் உள்ள குவேசார்களில் நிலைமை வேறு. திரள் வட்டுக்கு வெளியே தூசு தடித்த வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. வட்டின் வெளிச்சம் தூசைச் சுடும். ரொம்பவும் நெருங்கினால் தூசு ஆவியாகிப் போய்விடும். ஆவியாகாமல் நிற்கக்கூடிய உள்விளிம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண்! அந்தச் சூட்டில் இருக்கும் பொருள் இரண்டு மைக்ரான் பக்கம்தான் மிக அதிகமாக ஒளிரும். உலைக்களத்தில் இரும்பு கனல்வது போல, தூசு தன் விளிம்பைத் தானே கோடிட்டுக் காட்டுகிறது.

அந்த விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிக்கொண்டே இருப்போமே, அதே உத்திதான். திரள் வட்டு ஒரே சீராக எரிவதில்லை, திடீரென்று பிரகாசமாகும். அந்த வெளிச்சம் பயணம் செய்து தூசைத் தொட்டபிறகுதான் தூசு கூடுதலாகக் கனலும். கண்ணுக்குத் தெரியும் ஒளி கூடிய நாளையும் அகச்சிவப்பு கூடிய நாளையும் குறித்துவைத்தால் இடைவெளி கிடைக்கும். குவேசார்களின் சிறிய உறவான என்ஜிசி 4151 என்ற விண்மீன் மண்டலத்தில் அந்த இடைவெளி ஏறத்தாழ 50 நாள் என்று அளந்திருக்கிறார்கள். அப்படியானால் தூசு விளிம்பு, ஒளி 50 நாளில் கடக்கும் தொலைவில் இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியின் படத்திலும் புள்ளியாக மட்டுமே தெரியும் ஒன்றின் உள்கட்டமைப்பைக் காலண்டரை வைத்து அளந்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

வீட்டையும் பார்க்க வேண்டும்

எதிரே லாரி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் லாரியே தெரியாது. குவேசார் குடியிருக்கும் விண்மீன் மண்டலமும் அப்படித்தான் மறைந்துபோகிறது. இங்கே விண்வெளிக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரிய வேலை செய்தது. ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி கண்டுபிடித்திருந்த, ஒப்பளவில் மங்கலான இரண்டு குவேசார்களை, செம்பெயர்ச்சி 6.4-ஐ ஒட்டியவற்றை, வெப் தன் அண்மை அகச்சிவப்புக் கேமராவில் 1.50, 3.56 மைக்ரான்களில் படம்பிடித்தது. புள்ளியின் வெளிச்சத்தைக் கவனமாகக் கழித்ததும் பின்னால் விண்மீன்களின் ஒளி எஞ்சியது. 2023-இல் முடிவுகள் வெளியாயின. 3.56-ஐ 7.4-ஆல் வகுத்தால் 0.48. அது நீலப் பச்சை. நாம் அங்கே இருந்திருந்தால் வெறும் கண்ணாலேயே பார்த்திருக்கக்கூடிய நிறம்.

ஏன் இவ்வளவு சிரமம்?

சாதாரணக் கேமராவில் இருக்கும் சிலிக்கான் 1.1 மைக்ரானுக்கு மேல் குருடு. அதனால் பாதரசம், காட்மியம், டெல்லூரியம் கலந்த படிகங்களால் உணரிகள் செய்கிறார்கள். அவற்றைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் சொந்தச் சூடே படத்தை நிரப்பிவிடும். அப்புறம் நம் காற்று. அதில் இருக்கும் நீராவி அண்மை அகச்சிவப்பைத் துண்டு துண்டாக மறைக்கிறது. 1.25, 1.65, 2.2 மைக்ரான்களை ஒட்டி மட்டும் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. வானியலாளர்கள் அவற்றை ஜே, எச், கே என்று அழைக்கிறார்கள். நீராவியிலிருந்து தப்பத்தான் காய்ந்த உயர்ந்த மலைகளைத் தேடிப் போகிறார்கள்: ஹவாயின் மௌனா கியா, சிலியின் பரனல், நம் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹன்லே. ஹன்லேயில் இருக்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியிலும் இந்த ஜன்னல்களுக்கான கருவி உண்டு.

செய்தியைப் படிக்கும்போது ஒரு வகுத்தல்

இனி அகச்சிவப்புக் குவேசார் செய்தி எது வந்தாலும் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எந்த அலைநீளத்தில் பார்த்தார்கள், செம்பெயர்ச்சி எவ்வளவு. செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி, அலைநீளத்தை அதால் வகுத்தால் ஒளியின் பிறந்த ஊர் தெரிந்துவிடும்.

செய்து பார்ப்போம். பரனலில் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்க்கும் கிராவிட்டி என்ற கருவி இருக்கிறது. 2018-இல் அது 3சி 273-இன் வாயு மேகங்கள் சுழல்வதையே நேரடியாகக் கண்டு, கருந்துளைக்கு ஏறத்தாழ 26 கோடி சூரியன்களின் எடை என்று கணித்தது. பார்த்தது 2.17 மைக்ரானில், 1.158-ஆல் வகுத்தால் 1.875, ஹைட்ரஜனின் ஓர் அகச்சிவப்புக் கோடு. சரி, இது அகச்சிவப்பாகவே பிறந்தது. அதே கருவியை மேம்படுத்தி, ஒளி 1,100 கோடி ஆண்டுகள் பயணம் செய்துவந்த ஒரு குவேசாரையும் எடைபோட்டு 2024 ஜனவரியில் அறிவித்தார்கள்: 32 கோடி சூரியன்கள். அதன் செம்பெயர்ச்சி 2.325. கோடு வந்து விழுந்தது 2.18 மைக்ரானில், முந்தையதற்கு ஏறக்குறைய அதே இடத்தில். 3.325-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.656 வரும். 1963-இல் ஓக்கின் நிறமாலையில் 0.76 மைக்ரானில் நின்ற அதே சிவப்புக் கோடு.